சலுகை ஆலைக்கு, சரிவு சேரிக்கா?

இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. அதே மாதம் 27-ஆம் தேதி அதை 50 சதவீதமாக்கியது. முடிவு எடுக்கப்பட்டது வாஷிங்டனில். அடி விழுந்த இடங்களில் ஒன்று நம்முடைய பாலாற்றங்கரை. இந்தியத் தோல் பொருள், காலணி ஏற்றுமதியில் ஏறத்தாழ 5-ல் 1 பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் தோல் தொழில் ஊர்களில் அந்தச் சந்தையை நம்பி ஓடும் தையல் மெஷின்கள் எத்தனையோ. அந்த மெஷின்களின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் நம் சேரிப் பெண்கள்.

மந்தம் என்பது செய்தித்தாளின் வணிகப் பக்கத்துச் சொல். ஷூ கம்பெனியில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. ஓ.டி. நிற்கும். வாரத்துக்கு 6 நாள் வேலை 4 நாளாகும். கான்ட்ராக்ட் ஆட்களிடம், கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிடுகிறோம் என்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பே, வீட்டில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாக ஷூவின் அப்பர் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு வரும் மூட்டை வராமல் போகும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மூட்டை கொண்டுவருபவர் ஏஜென்ட். ‘சரக்கு வந்தா சொல்றேங்கா’ என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பினால் முடிந்தது. நோட்டீஸ் கிடையாது, லே-ஆஃப் பணம் கிடையாது, பி.எஃப். கிடையாது. எத்தனை பேருக்கு வேலை போனது என்று அரசு கணக்கெடுத்தால் இந்தப் பெண்கள் அதில் வர மாட்டார்கள். எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற கணக்கிலும் அவர்கள் இருந்ததில்லை.

இதற்கு அரசுகள் என்ன செய்கின்றன? மத்திய அரசு 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500 வரையிலான காலணிகளுக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. உள்நாட்டுச் சந்தையில் விற்பவர்களுக்கு இது உதவும். 2025-ல் மாநில முதல்வர் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போய்வந்து ரூ.15,516 கோடி முதலீட்டுக்கு ஒப்பந்தங்கள் கொண்டுவந்ததாக அறிவித்தார். 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாட்டில் ரூ.6 லட்சத்து 64 ஆயிரம் கோடிக்கு ஒப்பந்தம் என்றார்கள். உலகச் சந்தை சுருங்கும்போது ஒவ்வொரு மாநிலமும் இப்படித்தான் ஓடும். ஆந்திரா ஒரு சலுகை கொடுத்தால் தமிழ்நாடு ஒன்றரை கொடுக்க வேண்டியிருக்கிறது. நிலம், முத்திரைத்தாள் வரி விலக்கு, மின்கட்டணச் சலுகை, மூலதன மானியம், சம்பளத்தில் ஒரு பங்கு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

இந்தப் பத்தியை வாசிப்பவர்களில் சிலர், தலித் இயக்கத்துக்காரர்கள் ஆலை வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைக்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. 1918-லேயே, இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் பற்றி எழுதிய கட்டுரையில், நிலத்தின் மேல் குவிந்து கிடக்கும் உபரி மனித உழைப்பைத் தொழில்மயமாக்கலால்தான் விடுவிக்க முடியும் என்று வாதிட்டவர் அண்ணல் அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 27. அந்த வாதத்தின் உண்மையை நம் மாவட்டத்துச் சேரிகள் கண்ணால் பார்த்திருக்கின்றன. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிற தெருவில், ஊர்க்காரர் நிலத்தில் நாற்று நடக் கூப்பிட்டால் வரமுடியாது என்று சொல்லும் தைரியம் பெண்களுக்கு வந்தது. மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்தது. அந்தப் பணத்தில் பிள்ளைகள் வேலூருக்கும் திருவண்ணாமலைக்கும் கல்லூரிக்குப் போனார்கள். இதை வாசிக்கிற மாணவர்களில் பலருடைய கல்லூரிக் கட்டணம் ஏதோ ஓர் ஊரின் ஷூ கால்களுக்குப் போன தையலிலிருந்து வந்ததுதான்.

ஆகவே, ஆலை நிற்பது நமக்கு மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கும். நிலம் உள்ளவருக்கு வேலை போனால் வருமானம் குறையும். அவர் தன் நிலத்துக்குத் திரும்பலாம். நிலமில்லாத தலித் பெண்ணுக்கு வேலை போனால், எந்த வாசலில் இனி நிற்க மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தாளோ அந்த வாசலுக்கே கைமாற்று கேட்டுப் போகவேண்டி வரும். குழுக் கடன் தவணைக்கு வசூல்காரர் வீட்டு வாசலில் வந்து உட்காருவார். தோடு அடகுக் கடைக்குப் போகும். அடுத்த ஜூனில் கல்லூரியில் சேரவேண்டிய மகள், இந்த ஒரு வருஷம் பொறுத்துக்கோ என்ற பேச்சைக் கேட்பாள். பொருளாதார மந்தம் சேரிக்கு வரும்போது சாதியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. முதலீட்டைப் பற்றிப் பேசும் எந்த அரசு அறிக்கையும் இந்த ஒரு வரியை எழுதுவதில்லை.

இனி, முதலீட்டை ஈர்க்க நாம் என்ன கொடுக்கிறோம் என்று பார்ப்போம். முதலில் நிலம்.

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் ரூ.9,000 கோடியில் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது. அதே சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ நிறுவனம் ரூ.1,500 கோடியில் தோல் அல்லாத காலணி ஆலைக்கு டிசம்பரில் அடிக்கல் நாட்டியது. 25 ஆயிரம் பேருக்கு வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். நல்லது, வரட்டும். பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்காக மேல்மா சுற்று வட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்கப்போனபோது நடந்ததையும் மறக்க முடியாது. எதிர்த்துப் போராடிய விவசாயிகள் 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. ஊரே கொதித்த பிறகுதான் அரசு பின்வாங்கியது.

அந்தப் போராட்டத்தின்போதும் அதிகம் பேசப்படாதவர் ஒருவர் இருக்கிறார். எடுக்கப்படும் நிலத்தில் கூலி வேலை செய்பவர். நிலக்காரருக்கு இழப்பீடு வரும், குறைவோ நிறைவோ. கூலிக்காரருக்கு? 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், அந்த நிலத்தை நம்பி 3 ஆண்டுகள் வாழ்ந்த கூலித் தொழிலாளியின் குடும்பத்தையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்றுக்கொள்கிறது. யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை முன்கூட்டியே ஆராயும் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் நம் மாநிலத்தில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி. அதில் இந்த மதிப்பீடு இல்லை. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. அரசு புதிய சட்டம் கொண்டுவந்து அதற்கு உயிர் கொடுத்தது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் தொடர்கிற சட்டம் இது. முதலீட்டாளருக்கு விரைவாக நிலம் வேண்டும் என்பது காரணம். அந்த விரைவில் முதலில் தொலைவது பட்டா இல்லாதவரின் பெயர்.

பஞ்சமி நிலம் இன்னொரு கதை. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1892-ல் பிறந்த அரசாணை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கியது. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே மக்களுக்குத்தான் விற்கவேண்டும் என்று நிபந்தனை போட்டது. மாநிலம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் மேடைகளில் சொல்லும் கணக்கு. அந்த நிலத்தை மீட்கத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். பழைய பதிவேடுகளில் டி.சி. நிலம் என்று இருந்த குறிப்பு, 1980-களில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் விடுபட்டுப் போனது. இன்றைக்குக் கணினியில் பட்டா எடுத்துப் பார்த்தால் அது சாதாரண ரயத்துவாரி மனையாகத் தெரியும். தொழிற்பேட்டைக்கு எடுக்கும்போது இழப்பீடு யாருக்குப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். வரவேற்கிறோம். பெயரை நீக்குகிற அதே வேகத்தில், நீக்கப்பட்ட டி.சி. குறிப்பைத் திரும்பச் சேர்க்கும் வேலையும் நடக்க வேண்டாமா?

அடுத்து உழைப்பு. நிலத்தைப் பற்றிப் பேசும்போது வரும் கூட்டம் இதைப் பற்றிப் பேசும்போது வருவதில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதலீட்டாளர்கள் கேட்கிறார்கள் என்று அமைச்சர்கள் காரணம் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். இந்தியத் தொழிலாளிக்கு 8 மணி நேர வேலை என்ற கொள்கையை 1942-ல் வைஸ்ராய் நிர்வாக சபையின் தொழிலாளர் உறுப்பினராக இருந்து முன்வைத்தவர் அம்பேத்கர். அவர் சிலைக்கு மாலை போடுகிற கைகள்தான் அந்தத் திருத்தத்துக்கும் ஆதரவாக உயர்ந்தன. மந்தக் காலத்தில் இந்தக் கோரிக்கை மீண்டும் வரும். வேறு பெயரில் வரும், ‘நெகிழ்வு நேரம்’ என்று வரும்.

சலுகை கொடுத்தால் ஆலை நிலைத்து நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006-ல் திறந்தது. மாநிலத்தின் பெருமை என்று பாடப் புத்தக அளவுக்குப் பேசப்பட்டது. 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு நேராக லைனில் போய் நின்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் இருபத்து சொச்ச வயதில் வீடு திரும்பினார்கள். மறைமலைநகர் ஃபோர்டு 2021-ல் மூடும் அறிவிப்பை வெளியிட்டது. இப்போது திரும்பி வருவதாகச் சொல்கிறது. நிறுவனம் போகும், வரும். நிலமும் தண்ணீரும் போனது போனதுதான்.

தண்ணீர் என்றால் பாலாறு. தோல் ஷாப் கழிவு கெடுத்த நிலங்களைப் பற்றி 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு கொடுக்கவேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக்கியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு அது. அதன் தொடர்ச்சியாக 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு தீர்மானிக்கப்பட்டது. கெட்டுப்போன நிலத்தின் பரப்பை வைத்துத்தான் பெரும்பாலும் கணக்கு. நிலம் கெட்டதால் கூலி போனவருக்கும், குடிதண்ணீர்க் குழாயில் உப்பு வந்த சேரிக்கும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் சகதியில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடியும் தீர்ப்பளித்து, இழப்பீட்டையும் மீட்புப் பணியையும் நினைவூட்ட வேண்டியிருந்தது. இடைப்பட்டது 28 ஆண்டுகளுக்கும் மேல். இப்போது வரியைக் காரணம் காட்டி மாசுக் கட்டுப்பாட்டில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார்கள். ஆலையைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் சொல்வதை அதற்கு ஆதரவாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் மந்தக் காலத்தில் ஒரு மாவட்டத்தின் பொருளாதாரத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பது? ஆம்பூர் கடைத்தெருவில் சம்பள வாரத்தில் நின்று பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். துணிக்கடை, பாத்திரக்கடை, மளிகை, பிரியாணிக் கடை எல்லாம் யார் கூலியில் நடக்கின்றன? தொழிலாளியின் கைக்கு வரும் 100 ரூபாயில் பெரும்பகுதி அந்த வாரத்திலேயே அந்த ஊரிலேயே செலவாகிவிடும். முதலாளிக்கு வரிச் சலுகையாகப் போகும் 100 ரூபாய் எங்கே போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. வங்கிக் கடனுக்குப் போகலாம், சென்னையில் மனையாகலாம். ஆகவே, ஏற்றுமதி ஆலைகளுக்கு நிவாரணம் கொடுக்கட்டும். ஆனால் ஆட்குறைப்பு செய்வதில்லை, கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து சம்பளப் பட்டியலைக் காட்டுவது என்ற எழுத்துப்பூர்வ நிபந்தனையோடு கொடுக்கட்டும். வீட்டுத் தையல் பெண்களின் பெயர்களைக் கொடுக்காத கம்பெனிக்கு மானியம் இல்லை என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், இத்தனை வருடம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவர்கள் ஒரு மாதத்தில் தெரிந்துவிடுவார்கள். கிராமத்தில் 100 நாள் வேலை இருந்தது; 2025-26-ல் கூலி ரூ.336. 2020 ஊரடங்கில் சேரிகளில் அடுப்பு எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நகராட்சிக்குள் இருக்கும் தலித் தெருக்களுக்கு அது இருந்ததில்லை. நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று மாநில அரசு தொடங்கியதை இந்த ஊர்களுக்கு இப்போது கொண்டுவராமல் எப்போது கொண்டுவருவது?

முதலீடு என்றாலே தைவானிலிருந்து வருவது என்று நினைக்கும் பழக்கத்தையும் விடவேண்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில் முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியமும் வட்டியில் 6 சதவீதச் சலுகையும் உண்டு. மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை, அரசு நிறுவனங்கள் வாங்கும் பொருட்களில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் சிறு நிறுவனங்களிடம் வாங்கச் சொல்கிறது. 2016-ல் வந்த ஸ்டாண்ட்-அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு தலித் அல்லது பழங்குடியினருக்காவது ரூ.10 லட்சம் முதல் 1 கோடி வரை கடன் தரவேண்டும் என்றது. உங்கள் ஊர் வங்கிக் கிளை யாருக்குக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறீர்களா? மேலாளர் திட்டத்தை மறுக்க மாட்டார். அடமானத்துக்குச் சொத்து இருக்கிறதா என்பார். சொத்து ஏன் இல்லை என்பதற்குத்தான் மேலே பஞ்சமி நிலத்தின் கதை சொன்னோம்.

கடன் கிடைத்துவிட்டாலும் வேலை ஆர்டர் கிடைக்கவேண்டும். ஒரு பெரிய ஆலை வந்தால் அதைச் சுற்றிப் பல சிறு வருமானங்கள் முளைக்கும்: கேன்டீன், தொழிலாளர் பஸ், செக்யூரிட்டி ஆள் சப்ளை, அட்டைப் பெட்டி, தண்ணீர் லாரி, ஸ்கிராப். இவை யாரிடம் போகின்றன என்று எந்த சிப்காட் வாசல் டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்கிராப் எடுப்பதற்காக வெட்டுக் குத்து வரை நடந்த கதைகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சகஜம். ஊரில் நிலம் வைத்திருந்த சாதியே, கட்சிக் கொடி எதுவாக இருந்தாலும், ஆலை வந்த பிறகு இந்த ஒப்பந்தங்களையும் வைத்திருக்கிறது. உள்ளே மெஷினில் சேரிப் பெண், வெளியே பஸ் முதலாளி பழைய நிலக்காரர். அரசு பொதுப் பணத்தில் மானியம் கொடுக்கும் ஆலையில், வெளி ஒப்பந்தங்களில் ஒரு பங்கு பட்டியல் சாதி நிறுவனங்களுக்கு என்று நிபந்தனை போடுவதில் என்ன தடை? தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பெரிய விவாதத்துக்குக்கூடப் போகவேண்டாம். சிப்காட் நில ஒதுக்கீட்டு ஆணையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும். 2024-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய பட்டியல் சாதி, பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டச் சட்டம், மாநிலத்தின் செலவில் நம் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கைக் கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. 2011 கணக்குப்படி நாம் மாநிலத்தில் 20 சதவீதம். தொழில் துறை கொடுக்கும் மானியமும் மாநிலத்தின் செலவுதானே?

படித்த பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறது. உங்கள் அம்மாவோ அக்காவோ இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள கம்பெனியில் 2 ஆண்டுகள் வேலை செய்து இப்போது வேலை இழந்திருந்தால், அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். வாயில் நுழையாத பெயர்தான், பணம் நுழையும். சராசரி தினக் கூலியில் 50 சதவீதம், அதிகபட்சம் 90 நாட்களுக்கு, வாழ்நாளில் ஒரு முறை. ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவராக இருக்கக் கூடாது. ஆதாரும் வங்கிக் கணக்கும் இ.எஸ்.ஐ. எண்ணோடு இணைந்திருக்க வேண்டும். கம்பெனியில் ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்க்காமல் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஓராண்டு முடித்த தொழிலாளிக்கு லே-ஆஃப் நாட்களில் அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தரவேண்டும் என்பது சட்டம். தானாக விலகியதாகக் கையெழுத்துப் போட்டால் அதைக் கேட்க முடியாது.

நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கிராம சபை கூடும். சிப்காட்டை ஒட்டிய ஊராட்சிகளில் இருப்பவர்கள் மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இந்த ஊராட்சியின் பழைய ‘அ’ பதிவேட்டில் டி.சி. நிலம் எந்தெந்த சர்வே எண்ணில் இருந்தது? அந்த எண்கள் இப்போது யார் பெயரில் உள்ளன? ஆலைக்குள் இந்த ஊராட்சியிலிருந்து நேரடிச் சம்பளப் பட்டியலில் எத்தனை பேர், கான்ட்ராக்டில் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் மறுத்ததையும் எழுதச் சொல்லுங்கள். பதிவேட்டு நகலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு கோட்டாட்சியரிடமா வட்டாட்சியரிடமா என்று குழம்ப வேண்டாம்; மனு போட்ட அலுவலகத்திலேயே மேல்முறையீட்டு அலுவலர் யார் என்று கேட்டு, பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.